டர்போ வண்டிக்கு பிளோ ஆஃப் வால்வ் மாட்டுறது எப்படி, மாட்டுனப்புறம் ஐடில் ஏன் ஆடுது

தக்கலையில இருந்து நாகர்கோவில் வரும்போ பார்வதிபுரம் நெருங்குன இடத்துல முன்னாடி போன பஸ் பிரேக் போட்டான், நானும் கிளட்ச அமுக்குனேன், புஸ்ஸுன்னு ஒரு அழகான சத்தம், ஆர்பிஎம் முள்ளு எறங்குது எறங்குது எறங்கிட்டே போயி நானூறுக்கு வந்து டப்புன்னு வண்டி ஆஃப். ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிட்டு. பின்னாடி வந்த டெம்போக்காரன் என்ன சொன்னான்னு இங்க எழுத முடியாது. அந்த புஸ் சத்தத்துக்காக ரெண்டு மாசம் காசு சேத்து வாங்குன பிளோ ஆஃப் வால்வ் (இஞ்சினுக்கு காத்த அமுக்கித் தள்ளுற டர்போவுல மிஞ்சுற காத்த வெளிய விடுறது), மாட்டி முழுசா ஒரு நாள் கூட ஆகல.

எனக்க வண்டி மொத தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், பல கை மாறி வந்தது. அதுல நான் பட்ட வெப்ராளம் எல்லாம் இதுல இருக்கு, நீங்க படாண்டாம்னுதான் இவ்வளவு நீளமா எழுதுகேன், சாயா எடுத்துட்டு வந்து உக்காந்து வாசிங்க.

மொதல்ல ஒரு விஷயம். டீசல் வண்டி வச்சிருக்கவங்க இதோட நிறுத்திக்கிடலாம். ஸ்விஃப்ட் டீசல், பொலீரோ, ஸ்கார்ப்பியோ எல்லாத்துலயும் டர்போ இருக்கு, ஆனா பெட்ரோல் மாதிரி ஆக்சிலேட்டர விட்ட உடனே காத்த அடைக்குற த்ராட்டில் வேலை அதுல கிடையாது, வேகத்தை டீசல் அளவு வச்சுதான் கூட்டிக் குறைக்கும். சில டீசல்ல ஒரு ஃபிளாப் இருக்கும், அது இஞ்சின் ஆஃப் ஆகும்போ குலுங்காம இருக்கவும் ஈஜிஆருக்கும் (புகைய கொஞ்சம் திரும்ப இஞ்சினுக்கே விடுறது). அதனால பைப்புல காத்து மாட்டிக்கிட்டு முட்டுற பிரச்சினையே இல்ல, வால்வும் தேவை இல்ல. டீசலுக்குன்னு விக்கிற கிட்டு எல்லாம் ஸ்விட்ச் வச்சு பூஸ்ட் காத்த (டர்போ அமுக்குன காத்து) வேணும்னே வெளிய விட்டு சத்தம் போட வைக்குறதுதான். மார்த்தாண்டம் மேம்பாலத்துல புஸ் புஸ்ஸுன்னு போற பாதி வண்டி அதுதான் மக்கா.

வால்வ் என்ன பண்ணுது, ஐடில் ஏன் கெடுது

பெட்ரோல் டர்போவுல காத்து போற வழி இப்படி: ஏர் ஃபில்டர், மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (சுருக்கமா மாஃப், உள்ள போற காத்த அளக்குறது), டர்போ, இன்டர்கூலர் (சூடான காத்த ஆத்துறது), த்ராட்டில், மேனிஃபோல்டு (காத்த சிலிண்டர்களுக்கு பிரிச்சுக் குடுக்குற பைப்பு). கால எடுத்தா த்ராட்டில் மூடிடும், டர்போ மட்டும் சுத்திட்டே இருக்கும், தள்ளுன காத்துக்கு போக வழி இல்லாம திரும்பி கம்ப்ரஸர் வீல் மேலயே மோதும். அதத்தான் சர்ஜ்னு சொல்லுவாங்க, புறா குமுறுற மாதிரி ஒரு துடுதுடு சத்தம். இதத் தவிர்க்க கம்பெனியே ஒரு வால்வ் வச்சுதான் குடுத்திருக்கும், அது அந்த காத்த வெளிய விடாது, திரும்ப டர்போ வாய்க்கே குடுக்கும். நாம மாட்டுற ஆஃப்டர்மார்க்கெட் வால்வ் அதையே வெளிய விடும், அதான் புஸ்.

இப்பம் பிரச்சினை எங்க வருதுன்னா, தோவாளை பூ மார்க்கெட்டுல ஒரு கிலோ பிச்சி நிறுத்து ஒரு கிலோவுக்கு பில்லும் போட்டாச்சு, வண்டியில ஏத்துறதுக்குள்ள காக்கிலோ கீழ கொட்டிட்டு, ஆனா பில்லு பில்லுதான். மாஃப் சென்சார் நிறுத்து சொன்ன காத்துக்கு இசியூ (வண்டியோட கம்ப்யூட்டர்) பெட்ரோல் அளந்து ஊத்திடும், நீங்க வழியிலேயே காத்த வெளிய விட்டுட்டீங்க, பெட்ரோல் மட்டும் அப்படியே உள்ள போகுது. ரிச் ஆகி (பெட்ரோல் கூடி), சைலன்ஸர்ல கறுப்பா ஒரு புகை, ஆர்பிஎம் எறங்கி வண்டி ஆஃப். எனக்கு பார்வதிபுரத்துல நடந்தது இதுதான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. வண்டி நிக்கும்போ வால்வோட மேல் பக்கம் மேனிஃபோல்டு வேக்குவம் இழுக்கும். ஸ்பிரிங் லேசா இருந்தா வால்வ் ஐடில்லயே (மிதிக்காம இஞ்சின் சும்மா ஓடும்போ) பாதி திறந்து கெடக்கும், அது வழியா நிறுக்காத காத்து உள்ள போகும், லீன் ஆகி (காத்துக்கு பெட்ரோல் பத்தாம) ஆர்பிஎம் 600க்கும் 1100க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடும். அதோட அந்த காத்து ஃபில்டர் வழியா வந்தது கிடையாது. ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கம் காத்தாடிய சுத்த வைக்குற காத்துல எவ்வளவு மண்ணு பறக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லாண்டாம், அவ்வளவும் நேரா இஞ்சினுக்குள்ள.

ஆக ரெண்டும் வேற வேற நோய். நின்னு ஆடுதா, நிக்க வரும்போ சாகுதா, இத மொதல்ல பிரிச்சுக்கிடுங்க, மருந்து வேற.

உங்க வண்டியில மாஃப் இருக்கா

பானட்ட தொறந்து ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் டர்போவுக்கு போற பைப்புக்கும் நடுவுல பாருங்க, நாலஞ்சு வயரோட ஒரு சென்சார் பைப்புக்குள்ள சொருகியிருந்தா மாஃப் வண்டி. அங்க ஒண்ணும் இல்லாம மேனிஃபோல்டுல மட்டும் ஒரு பிரஷர் சென்சார் இருந்தா மேப் வண்டி. பழைய லீனியா டி-ஜெட் மாதிரி மேப் வச்சு ஓடுற வண்டியில காத்த வெளிய விட்டாலும் ஐடில் அவ்வளவா கெடாது, ஏன்னா அது கணக்கு எடுக்குறதே த்ராட்டில் தாண்டினப்புறம். மண்ணு போற பிரச்சினை மட்டும் அதுலயும் உண்டு.

டர்போ மேலயே போல்ட் போட்ட எலெக்ட்ரிக் டைவர்ட்டர் வால்வ் (காத்த திருப்பி விடுற கம்பெனி வால்வ்) இருக்கிற புது வண்டிகளுக்கு நடுவுல வைக்குற ஸ்பேசர் தட்டு கிடைக்கும். வேலை சுலபம், ஆனா காத்து வெளிய போறது போறதுதான், மேல சொன்ன கணக்கு அதுக்கும் பொருந்தும். அந்த வால்வோட வயர மட்டும் கழட்டி விட்டுடாதீங்க, செக் இஞ்சின் லைட் வந்துடும்.

எனக்க கருத்த இப்பமே சொல்லிடுகேன். மாஃப் இருந்தா, டியூனிங் பண்ற எண்ணமும் இல்லைன்னா, நல்ல ஒரு ரீசர்குலேட்டிங் வால்வ் (காத்த திரும்ப டர்போவுக்கே குடுக்குறது) போடுங்க. சத்தம் கம்மிதான், உள்ள லேசா ஒரு உறிஞ்சல் கேக்கும், ஆனா வண்டி வண்டியா இருக்கும். சத்தமும் வேணும்னு அடம் பிடிக்கவங்களுக்கு ரெண்டு வாய் வச்ச வால்வ் இருக்கு, மொதல்ல திரும்பிப் போற வாய் தொறக்கும், நல்லா பூஸ்ட் ஏத்தி விட்டா மட்டும் வெளிய விடுற வாய் தொறக்கும். ஆன்லைன்ல பெரிய பிராண்ட் பேர அச்சடிச்சு ரெண்டாயிரம் ரூவாக்கு வர்றத வாங்காதீங்க. எனக்க மொத வால்வ் அதுதான், பிஸ்டன விரலால ஆட்டுனாலே கடகடன்னு சத்தம் கேட்டுது, ஓ-ரிங்கே இல்ல.

கழட்டுறதுக்கு முன்னாடி அளந்து வைங்க

இத யாரும் செய்றதில்ல, நானும் செய்யல, அதான் பின்னாடி எது புதுப் பிரச்சினை எது பழைய பிரச்சினைன்னு தெரியாம ஒரு மாசம் போச்சு.

இஞ்சின் நல்லா சூடானதும் ஏசி ஆஃப் பண்ணி ஒரு வேக்குவம் கேஜ மேனிஃபோல்டு லைன்ல போட்டு பாருங்க. நம்ம ஊரு கடல் மட்டத்துல இருக்கதால நல்ல இஞ்சின் 18ல இருந்து 20 இஞ்ச் மெர்க்குரி வரை காட்டும். முள்ளு ஆடாம நிக்கணும். அப்புறம் புளூடூத் ஓபிடி டாங்கிள் (இசியூ சொல்றத ஃபோன்ல காட்டுறது) ஒண்ணு போட்டு ஃபியூல் ட்ரிம் (இசியூ பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டிக் குறைக்குதுங்கிற கணக்கு) பாருங்க, ஐடில்ல ஒரு தடவ, 2500 ஆர்பிஎம்ல ஒரு தடவ, பேப்பர்ல குறிச்சு வைங்க. பிளஸ்ல ஏறினா இசியூ பெட்ரோல் கூட்டி ஊத்துது, எங்கயோ நிறுக்காத காத்து உள்ள வருது. மைனஸ்ல போனா நிறுத்த காத்து எங்கயோ வெளிய போகுது. பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா பேசாம இருக்கலாம். அதுக்கு மேல இருந்தா வால்வ் வாங்குற காச மொதல்ல லீக் கண்டுபிடிக்க செலவு பண்ணுங்க.

லீக் டெஸ்ட் வீட்டுலயே பண்ணலாம். பிளம்பிங் சாமான் கடையில டர்போ வாய் சைஸுக்கு ஒரு பிவிசி எண்டு கேப் வாங்குங்க, நடுவுல ஓட்ட போட்டு டியூப்லெஸ் டயர் வால்வ் ஒண்ண இறுக்குங்க, டர்போ வாயில ஹோஸ் கிளிப் வச்சு மாட்டி சைக்கிள் பம்பால பைய அடிங்க. 10 பிஎஸ்ஐக்கு மேல வேண்டாம், டயர் கடை கம்ப்ரஸர நேரா வச்சு ஊதவே செய்யாதீங்க, சீல் தெறிச்சிடும். சோப்பு தண்ணிய ஒவ்வொரு ஜாயிண்ட்டுலயும் தெளிச்சா நுரை வர்ற இடம் லீக். எனக்க வண்டியில மூணு இடத்துல நுரை வந்துது, அதுல ஒண்ணு விரல் நீளத்துக்கு வெடிச்ச பிசிவி ஹோஸ் (இஞ்சினுக்குள்ள தேங்குற ஆவிய இன்லெட்டுக்கு கொண்டு போறது). அந்த ஹோஸ மாத்துனதுமே பாதி ஐடில் பிரச்சினை போயிட்டு, நான் அதுவரைக்கும் வால்வத்தான் திட்டிட்டு இருந்தேன்.

மாட்டுற வேலை

இஞ்சின் ஆறட்டும், சூட்டுல கைய விட்டா தோலு போகும். பழைய வால்வோட ரெண்டு பெரிய ஹோஸ், ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ். எனக்க வண்டியில பெரிய ஹோஸ் 25 மில்லி. கம்பெனி கிளிப்பு ஸ்பிரிங் டைப்பா இருந்தா பிளையர்ல அமுக்கி நகத்தி எடுங்க, பழைய ரப்பர் ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, திருகி விடுங்க. கழட்டுன வால்வ பத்திரமா வைங்க, வண்டி விக்கும்போ தேவைப்படும்.

ரீசர்குலேட்டிங் வால்வுன்னா அதே இடத்துல அப்படியே உக்காரும், ஒரு வாய் பூஸ்ட் பைப்புக்கு, ஒரு வாய் டர்போவுக்கு போற இன்லெட் பைப்புக்கு. எந்த வாய் எதுக்குன்னு வால்வோட பேப்பர்ல பாத்துக்கிடுங்க, திருப்பி மாட்டினா வண்டி ஓடும் ஆனா பூஸ்ட் தங்காது.

வெளிய விடுற வால்வுன்னா இன்லெட் பைப்புல ஒரு ஓட்ட மிச்சமா நிக்கும், அத அடைச்சே ஆகணும். அடைக்காம ஸ்டார்ட் பண்ணா 25 மில்லி ஓட்ட வழியா நிறுக்காத காத்து போகும், ஐடில்ல இஞ்சின் ஓடவே ஓடாது, ஆஃப் ஆயிடும். அதுக்குன்னு கண்டதையும் சொருகாதீங்க. குலசேகரம் பக்கம் ஒரு பையன் ரப்பர் மரக் கட்டைய செதுக்கி அடைச்சு கொண்டு வந்திருந்தான், கிளிப்பு கூட போடல. அது லூசாகி உள்ள போச்சுன்னா கம்ப்ரஸர் வீல் நேரா முன்னாடி இருக்கு மக்கா, ஒரு நிமிஷத்துல லட்சம் சுத்துக்கும் மேல போற சாதனம். விளிம்பு வச்ச அலுமினியம் பிளக்கு கிடைக்கும், அத ஹோஸுக்குள்ள விட்டு மேல கிளிப்பு போடுங்க. பிளாஸ்டிக் பைப்புல கிளிப்ப ரொம்ப இறுக்கினா விளிம்பு கீறிடும், அதுவும் கவனம்.

அடுத்தது வேக்குவம் லைன். நான் ஏமாந்தது இங்கதான். வால்வோட தலைக்கு போற சின்ன ஹோஸ் மேனிஃபோல்டுல இருந்து நேரா வரணும், த்ராட்டிலுக்கு அப்புறம். வொர்க்ஷாப்ல ஒரு அண்ணன் பக்கத்துலயே இருந்த பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிய லேசாக்குறது) லைன்ல டீ (மூணு வாய் ஜாயிண்ட்டு) போட்டு குடுத்துட்டாரு, கை எட்டுற இடம்னு. அந்த லைன்ல ஒரு செக் வால்வ் உண்டு, வேக்குவத்த விடும், பூஸ்ட விடாது. அவர் டீ போட்டது செக் வால்வுக்கு அந்தப்பக்கம், பூஸ்டர் பக்கம். பொறவு என்ன, வேக்குவம் மட்டும் தேங்கி நிக்கி, வால்வ் எப்பமும் திறந்தே கெடக்கு, ஆரல்வாய்மொழி ரோட்டுல எதிர்காத்துல ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் வண்டி போக மாட்டேங்குது. அது கூட பரவால்ல, பூஸ்ட் காத்து கசிஞ்சு பூஸ்டருக்குள்ள போயி பிரேக் பெடல் ரெண்டாவது மிதில கல்லாயிட்டு. பிரேக் லைன தொடவே தொடாதீங்க. ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டர் லைன்லயும் டீ போடாதீங்க.

வேக்குவம் ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, உள்ள காத்து இழுக்கும்போ சப்பி ஒட்டாத கெட்டி ஹோஸா பாருங்க, ரெண்டு முனையிலயும் சின்ன கிளிப்போ டையோ போடுங்க. இந்த ஹோஸ் கழண்டா ஐடிலும் போகும் பூஸ்டும் போகும், ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா மொதல்ல பாக்க வேண்டியது இதத்தான். எனக்க வண்டி மாதிரி பழைய 1.8 டர்போவுல வேக்குவம் லைன் என்249ன்னு ஒரு சோலினாய்டு (கரண்டுல திறந்து மூடுற வால்வ்) வழியா போகும். நான் அத சுத்தி நேரா மேனிஃபோல்டுக்கு லைன் போட்டேன், ஆனா சோலினாய்டோட வயர் கனெக்டர கழட்டல, கழட்டுனா எரர் கோடு விழும்.

ஸ்பிரிங்க செட் பண்றது

எல்லாரும் நினைக்குறது பூஸ்ட் கூட இருந்தா ஸ்பிரிங்கும் கெட்டியா வேணும்னு. அப்படி இல்ல. முழுசா மிதிக்கும்போ வால்வுக்கு கீழ பைப்புல இருக்க அதே பூஸ்ட் மேலயும் இருக்கு, ரெண்டும் ஏறக்குறைய சமம், ஸ்பிரிங்குக்கு பெருசா வேலை இல்ல. ஸ்பிரிங்குக்கு உண்மையான வேலை ஐடில்லதான். கணக்கு போட்டு பாருங்க, பிஸ்டன் 30 மில்லி விட்டம்னா பரப்பு ஏழு சதுர சென்டிமீட்டர், ஐடில் வேக்குவம் 0.65 பார், அப்பம் பிஸ்டன தூக்குற பலம் கிட்டத்தட்ட 4.7 கிலோ. ஸ்பிரிங் அதுக்கு மேல அமுக்கி வச்சாத்தான் வால்வ் மூடி இருக்கும். அதனாலதான் மொதல்லயே வேக்குவம் அளக்க சொன்னேன்.

செட் பண்றது இப்படி. ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரல்ல, சூடான இஞ்சின், ஏசி ஆஃப். ஒரு டிஷ்யூ பேப்பர் துண்ட வால்வோட வாய்க்கு பக்கத்துல பிடிங்க. பேப்பர் உள்ள ஒட்டி இழுத்தா வால்வ் திறந்திருக்கு. மேல இருக்க ஸ்க்ரூவ அரை சுத்து இறுக்குங்க, திரும்ப பேப்பர். எனக்கு மூணு தடவ அரை அரை சுத்து இறுக்குனப்புறம் பேப்பர் தொங்கிட்டு நின்னுது, அதே நேரம் ஆடிட்டு இருந்த முள்ளு 800 பக்கத்துல போயி உக்காந்துது. ஏசிய போட்டுட்டு பேப்பர் வச்சு ஏமாறாதீங்க, ஏசி போட்டா த்ராட்டில் கொஞ்சம் கூட திறக்கும், வேக்குவம் கொறையும், திறந்திருக்க வால்வ் மூடுன மாதிரி காட்டும்.

ரொம்ப இறுக்கினா லேசா பூஸ்ட் ஏத்தி கால எடுக்கும்போ அந்த புறா சத்தம் வரும். அப்பம் கால் சுத்து தளத்துங்க. ஸ்க்ரூ முழுசா இறுக்கியும் பேப்பர் இழுக்குதுன்னா உள்ள இருக்க ஸ்பிரிங்கே லேசு, கெட்டி ஸ்பிரிங் தனியா கிடைக்கும். அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூவே இல்லாத வால்வும் உண்டு, அதுக்கு இந்த ஒரே வழிதான்.

இதெல்லாம் பண்ணி நின்னு ஆடுறது போயி, ஆனா நிக்க வரும்போ சாகுறது மட்டும் மிச்சம்னா, ஸ்பிரிங்க போட்டு நோண்டாதீங்க, அது ஸ்பிரிங் விஷயமே இல்ல. நிறுத்த காத்த வெளிய விடுற வரைக்கும் அது இருக்கும். ஒண்ணு ரீசர்குலேட் பண்ணணும், இல்ல மாஃப இன்டர்கூலருக்கு அப்புறம் வால்வையும் தாண்டி த்ராட்டிலுக்கு பக்கத்துல கொண்டு வைக்கணும், இல்ல மேப் சென்சார வச்சு ஓட இசியூவ டியூன் பண்ணணும். பின்னாடி ரெண்டும் டியூனர் இல்லாம நடக்காது. ஐடில் ஸ்பீட 1000க்கு ஏத்தி வச்சு சமாளிக்கலாம்னு ஒருத்தர் சொல்லுவாரு, கேக்காதீங்க, வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராஃபிக்ல ஊந்து போகும்போ வண்டி தானா முன்னால தள்ளும்.

வேலை முடிஞ்சதும் இசியூ பழசெல்லாம் மறக்கணும். ஸ்கேனர் இருந்தா அதுல அடாப்டேஷன் (இசியூ கத்து வச்ச பழைய கணக்கு) கிளியர் பண்ணி த்ராட்டில் அலைன்மெண்ட்டும் பண்ணிடுங்க. இல்லாதவங்க பேட்டரி நெகட்டிவ கழட்டி கால் மணி நேரம் விடுவாங்க, பழைய ஸ்கோடா ஃபோக்ஸ்வேகன்ல அப்படி கழட்டுறதுக்கு முன்னாடி ரேடியோ கோடு கையில இருக்கான்னு பாத்துக்கிடுங்க, எனக்க ரேடியோ நாலு மாசம் ஊமையா கெடந்துது. மாட்டுனப்புறம் ஒரு ரெண்டு மூணு நாள் சாதாரணமா ஓட்டிட்டு, குறிச்சு வச்ச பேப்பர எடுத்து ட்ரிம்ம ஒப்பிட்டு பாருங்க. ஐடில்ல மட்டும் பிளஸ் ஏறி 2500ல சரியாயிட்டுன்னா வால்வ் திறந்திருக்கு, இல்ல வேக்குவம் லைன் கசியுது.

சட்டம் பத்தி ரெண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டிய கம்பெனி குடுத்த மாதிரியில இருந்து மாத்துறத கட்டுப்படுத்துது, சத்தம் புகை விஷயத்துக்கு 190(2), 2019 திருத்தத்துக்கு அப்புறம் மொத தடவையே பத்தாயிரம் வரை ஃபைன் போடலாம். வாரண்டியில இருக்க வண்டியில இத கையில எடுக்கவே வேண்டாம்.

கடைசியா நம்ம ஊருக்குன்னு ஒண்ணு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரின்னு கடல் பக்கம் வீடு இருந்தா உப்புக் காத்துல அலுமினியம் வெள்ளையா பூத்துடும், பிஸ்டன் பாதியில பிடிச்சு நிக்கும், ஒரு நாள் காலையில திடீர்னு ஐடில் ஆட ஆரம்பிக்கும். நமக்கு தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் உண்டு, அதனால நான் ஜூனுக்கு முன்னாடி ஒருக்கா, அக்டோபருக்கு முன்னாடி ஒருக்கா வால்வ கழட்டி, துணியில தொடச்சு, ஓ-ரிங்குல சிலிக்கான் கிரீஸ் லேசா தடவி, விரலால அமுக்கி விட்டா தானா திரும்பி வருதான்னு பாத்துட்டு மாட்டுகேன். போன தடவ கழட்டும்போ வாய்க்குள்ள ஒரு வேட்டாளி மண்ணு வச்சு கூடு கட்டியிருந்துது.